கேமரா ஓடுகிறது, தெரிவித்துக்கொள்கிறோம்

காப்பீட்டுக் கம்பெனி ஒரு மடிக்கணினியைக் கையில் கொடுத்து, இனிமேல் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொன்னபோது சின்னவள் நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். அவளைக் குறை சொல்ல வேண்டாம். வீட்டைவிட்டு ஒரு அடி நகர முடியாத சமயம் அது. யாராயிருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

வீடு என்றால் ஒரே அறை. பின்னால் ஒரு சமையல்கட்டு, திரும்பினால் முழங்கை இடிக்கிற ஒரு குளியலறை. அந்தக் குளியலறையில்தான் நாத்தனார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து கட்டிலில் கொண்டுவந்து கிடத்தினார்கள். அறையில் கட்டில் போட ஒரே இடந்தான் உண்டு. மேசை போடவும் ஒரே இடந்தான். ஆகவே சின்னவள் வேலைக்கு உட்கார்ந்தால் மடிக்கணினியின் கண்ணுக்கு முதலில் அவள் முகம் தெரியும், அவள் தோளுக்குப் பின்னால் நாத்தனாரின் கட்டில் முழுசாகத் தெரியும்.

சின்னவளின் வேலை நசுங்கல் பார்ப்பது. மோதிய கார்களின் படங்கள் திரையில் வந்துகொண்டே இருக்கும். கதவு எவ்வளவு உள்ளே போயிருக்கிறது, கீறல் புதுசா, அல்லது போன வருஷத்துக் கீறலை இந்த விபத்தின் தலையில் கட்டியிருக்கிறார்களா என்று பார்த்து எழுத வேண்டும். அவள் இதையெல்லாம் பார்க்கிறாளா என்று கம்பெனி பார்க்க வேண்டாமா? அதற்குத்தான் கேமரா. இடையிடையே அது தானாக ஓடும், சின்னவளைப் படம் எடுக்கும், நிற்கும். எப்போது ஓடும் என்று யாருக்கும் தெரியாது.

நாத்தனார் வாழ்நாளெல்லாம் பெண்களுக்குத் துணி தைத்தவள். கடையின் மூலையில் கம்பி கட்டித் திரை போட்டிருந்தாள். அந்தத் திரையை இழுத்துவிடாமல் ஒருத்தி உடம்பிலும் டேப் வைத்ததில்லை. கடையே தீப்பிடித்தாலும் அக்கா திரையை மூடிவிட்டுத்தான் வெளியே ஓடி வருவாள் என்று தம்பி, அதாவது சின்னவளின் புருஷன், கேலி பண்ணுவான். அவன் பஸ் டிரைவர். விடியும்முன் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான்.

இப்போது அந்த நாத்தனாருக்கு முதுகின் அடியில் படுக்கைப்புண் கிளம்பியிருந்தது. தினம் முற்பகலில் நர்ஸ் வருவாள்; வேறு நேரம் அவளுக்கு ஒழியாது. நர்ஸும் சின்னவளுமாகச் சேர்ந்து நாத்தனாரைப் புரட்டி, வெந்நீரில் துணி நனைத்து உடம்பு துடைத்து, புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்ட வேண்டும். ஒரு நாள் விட்டாலும் புண் ஆழமாகும்.

முதலில் ஒரு தொந்தரவும் இல்லை. கேமராவுக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு பச்சை விளக்கு இருந்தது. கேமரா ஓடினால் எரியும், நின்றால் அணையும்.

“எரியுதா பாரு,” என்பாள் நாத்தனார்.

“எரியுது அண்ணி. கொஞ்சம் பொறுங்க.”

“இப்போ?”

“அணைஞ்சாச்சு.”

“அப்ப புரட்டு. சீக்கிரம்.”

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் ஒரு நல்ல சட்டம் வந்தது. கேமரா பதிவு செய்யும்போது அதை உபயோகிப்பவருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். கம்பெனி சட்டத்தை மதிக்கிற கம்பெனி. உடனே தெரிவித்தல் பிரிவு என்று ஒன்றை ஆரம்பித்து, அதற்கு ஒரு தலைவர், தலைவருக்கு இரண்டு துணைத் தலைவர்கள், பின்புல அதிகாரி ஒருவர், இவர்கள் உட்கார ஒரு மாடி எல்லாம் ஏற்பாடு செய்தது.

பிரிவின் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பச்சை விளக்குதான். யாருடைய அனுமதியும் இல்லாமல், யாரையும் கலந்துகொள்ளாமல், அது பாட்டுக்கு ஒவ்வொரு வீட்டிலும் தெரிவித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய பொறுப்பை ஒரு விளக்கு தனியாகச் செய்வது முறையில்லை என்று தலைவர் சொன்னார். தவிர, விளக்கு எரிகிறபோது ஊழியர்கள் பதறி நிமிர்ந்து உட்காருகிறார்களாம். அந்தப் பதற்றத்தையும் போக்க வேண்டும். மறுநாள் திரையில் அறிவிப்பு வந்தது: “இனி நீங்கள் விளக்கைப் பார்த்து அஞ்சத் தேவையில்லை. எல்லா விளக்குகளும் எப்போதும் எரியும்.”

அன்றைக்கு நாத்தனார் கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொண்டு படுத்தவள் படுத்தவள்தான்.

“அணையட்டும், புரட்டலாம்.”

“அது இனிமே அணையாது அண்ணி.”

“அப்ப நானும் புரளமாட்டேன்.”

நர்ஸ் துணியைப் பிழிந்து கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வெந்நீர் ஆறிப்போயிற்று.

சின்னவள் பிரிவுக்குப் போன் செய்தாள். விளக்கு இல்லையென்றால் எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டாள். கவலையே வேண்டாம், முறைப்படி தெரிவிப்போம் என்றார்கள். முறைப்படியே தெரிவித்தார்கள். திரையில் வந்தது: “நேற்று முற்பகலில் உங்கள் கேமரா இயங்கியது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.”

“நேத்து ஓடினதை இன்னிக்குச் சொன்னா எப்படிங்க?” என்று மறுபடி போன் செய்தாள்.

“மேடம், ஒவ்வொரு தெரிவிப்பையும் மூணு பேர் பார்த்து ஒப்புதல் குடுக்கணும். தப்பான தெரிவிப்பு போயிடக் கூடாது இல்லையா? சரியா தெரிவிக்கணும்னா கொஞ்சம் நேரம் ஆகும்.”

நாத்தனார் கட்டிலிலிருந்து கத்தினாள்: “நாளைக்கு ஓடப்போறதை இன்னிக்குச் சொல்லச் சொல்லு!”

“அது யாரு மேடம் பின்னால?”

“என் நாத்தனாருங்க.”

“குரல் நல்லா இருக்கு. ஆரோக்கியமா இருக்காங்க.”

சின்னவள் கயிறு கட்டி ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டாள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பின்புல அதிகாரியே போனில் வந்துவிட்டார். கம்பெனியில் பதிவான அவளுடைய பின்புலத்தில் கட்டில் இருக்கிறது, இப்போது காணவில்லை, திடீரென்று கட்டில் காணாமல் போனால் மேசைமுன் இருப்பது அவள்தானா என்று எப்படி நம்புவது என்று கேட்டார். விரிப்பை அவிழ்த்தாள். நாத்தனார் யோசனைப்படி கேமராமேல் துளியூண்டு பிளாஸ்திரி ஒட்டினாள். கேமரா இருட்டால் அவதிப்படுகிறது என்று திரை சிவப்பாயிற்று. கம்பெனியின் கண்ணைத் தன் கையால் மறைப்பது நம்பிக்கைத் துரோகம், இன்னொரு தடவை நடந்தால் வேலை போய்விடும் என்றார்கள். கணினியை மூடிவைத்தால் ஆள் வரவில்லை என்று கணக்கு. இந்த வேலையும் போனால் ஆபரேஷனுக்கு வாங்கிய கடனை டிரைவர் சம்பளத்தில் மட்டும் அடைக்க முடியாது. பிளாஸ்திரியை உரித்தாள்.

“நர்ஸ் போர்வைக்குள்ள கையை விட்டுத் துடைக்கட்டும்,” என்றாள் நாத்தனார்.

“புண்ணைக் கண்ணால பாக்காம கட்டுப்போட நான் என்ன மந்திரவாதியாம்மா?” என்றாள் நர்ஸ். பிறகு சின்னவளைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போய், “போன தடவை பாத்தப்போ காசு அளவு இருந்துச்சு. இந்நேரம் உள்ளங்கை அளவு ஆகியிருக்கும். இன்னும் நாலஞ்சு நாள் இப்படியே விட்டா திரும்ப ஆஸ்பத்திரிதான். அங்கயிருந்து நடந்து வருவாங்கன்னு நான் சொல்லமாட்டேன்,” என்றாள்.

சின்னவள் மேசைக்குத் திரும்பிவந்து உட்கார்ந்தாள்; அழவில்லை. அழுதால் கேமரா பார்க்கும். அதற்கும் ஒரு அதிகாரி இருப்பார்.

மூன்றாவது தடவை போன் செய்ததற்குப் பலன் கிடைத்தது. இனிமேல் தெரிவிப்பு உடனுக்குடன் வரும் என்றார்கள். வந்தது. ஆனால் தெரிவிப்பைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியாகக் கேமராவைப் பார்த்து ஒரு தடவை தலையாட்ட வேண்டும். தலையாட்டுவதைக் கேமரா பதிவு செய்யும். பதிவு செய்தால் தெரிவிக்க வேண்டுமே? தெரிவித்தார்கள். அதற்கும் தலையாட்டினாள். அதையும் தெரிவித்தார்கள். காலையில் உட்கார்ந்தவள் மத்தியானம்வரை தலையாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கார்கூடப் பார்க்கவில்லை.

“ஏம்மா, சாமி வந்திருக்கா உனக்கு?” என்றாள் நாத்தனார்.

“கம்பெனி வந்திருக்கு அண்ணி.”

அவள் கழுத்து சுளுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகத் திரும்பி நின்றுவிட்ட பிறகு, ஊழியர்நலன் கருதித் தலையாட்டலை நீக்கினார்கள். அதற்குப் பதிலாக ஆள் போட்டார்கள்.

தெரிவிப்பாளர் என்று பெயர். சின்ன வயசுப் பெண், பதவிசான குரல். முதல் நாளே நர்ஸ் வெந்நீரைத் தூக்கிக்கொண்டு வருகிற நேரமாகப் பார்த்துப் போன் அடித்தது.

“அம்மா, உங்க கேமரா பதிவு பண்ணிட்டிருக்கு. தெரிவிச்சுக்கிறேன்.”

“ரொம்ப நன்றிம்மா. உனக்கு எப்படித் தெரியும்?”

“நான் பாத்துட்டிருக்கேன்மா.”

சின்னவள் கேமராவைத் திரும்பிப் பார்த்தாள்.

“கேமரா ஓடுதான்னு தெரிஞ்சுக்கணும்னா யாராவது பாத்துட்டே இருக்கணும் இல்லையாம்மா? அதுக்குத்தான் என்னைப் போட்டிருக்காங்க. கட்டில்ல இருக்கிறவங்க போர்வை காலு பக்கம் விலகியிருக்கு. அதையும் தெரிவிச்சுக்கிறேன்.”

நாத்தனார் போர்வையை உதைத்துச் சரிசெய்த வேகத்தில், இடுப்பில் வைத்த கம்பியே ஒரு தடவை எழுந்து உட்கார்ந்திருக்கும். வலியில் பல்லைக் கடித்தாள்.

“சரிம்மா, நிப்பாட்டேன் அதை,” என்றாள் சின்னவள்.

“தெரிவிக்கிறதுதான்மா என் வேலை. நிறுத்துறது நிறுத்துதல் பிரிவு.”

“அவங்க நம்பர் குடு.”

“அந்தப் பிரிவுக்கு இன்னும் ஆள் போடலம்மா.”

“நின்னதும் சொல்லு. நாங்க அந்த நேரத்துல எங்க வேலையை முடிச்சுக்கிறோம்.”

“ஆரம்பிச்சா மட்டும்தான்மா நான் சொல்லணும். நின்னா சொல்லணும்னு சட்டத்துல இல்லையாம்.” குரல் தாழ்ந்தது. “நான் கேட்டுப் பாத்தேன்மா.”

அன்றைக்கும் வெந்நீர் ஆறிற்று.

மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. புகார் கொடுத்தவர் நேரில் வந்து, சம்பந்தப்பட்ட கேமராவையும் கையோடு கொண்டுவந்து, குறைதீர்க்கும் கூட்டத்தில் பேசலாம். கட்டிலைப் பார்த்துக்கொள்ள நர்ஸைக் கெஞ்சி உட்காரவைத்துவிட்டுச் சின்னவள் புறப்பட்டாள். தனியாளாகப் புரட்ட முடியாது, அன்றைக்கும் மருந்து வைக்க வழியில்லை என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். கட்டிலிலிருந்து நாத்தனார், “கழுத்தை நேரா வச்சுப் பேசு. கோணலா நின்னா ஆமான்னு சொல்றேன்னு நினைச்சுப்பானுங்க,” என்றாள்.

தலைமை அலுவலக வாசலில் காவலர் அவள் கைபேசியை வாங்கி அதன் கேமராமேல் வட்டமாக ஒரு வெள்ளி ஸ்டிக்கரை ஒட்டினார். பிறகு மடிக்கணினியைத் திறந்து அதன் கண்ணிலும் ஒன்று ஒட்டி, கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தார்.

“இது எதுக்குங்க?” என்றாள் சின்னவள்.

“உள்ள அதிகாரிங்க இருக்காங்கம்மா. அவங்களுக்குத் தெரியாம படம் கிடம் எடுத்துடக் கூடாது பாருங்க.”

“பக்கத்துலதான் விளக்கு இருக்கே. ஓடினா தெரிஞ்சுடுமே?”

காவலர் அவளைப் பச்சைக் குழந்தையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். “விளக்கை எல்லாம் யாரும்மா நம்புவாங்க? பெரிய மனுசங்க உக்காந்திருக்கிற இடம். ஒண்ணு சொல்லிடுறேன், கேட்டுக்கங்க. இதை உங்க கையால உரிச்சீங்கன்னா வேலை போயிடும். உரிச்சா ஸ்டிக்கர்ல இருக்கிற எழுத்து மாறிடும், கண்டுபிடிச்சுடுவாங்க.”

கூட்ட அறையில் நீளமான மேசை. தெரிவித்தல் பிரிவின் தலைவர் எழுந்து நின்று பேசினார். மேசையில் ஆறேழு பேர் இருந்தாலும் அவர் பெருங்கூட்டத்துக்குப் பேசுகிற குரலில்தான் பேசினார்.

“ஒளிந்திருந்து பார்ப்பதுதான் குற்றம். நாம் சொல்லிவிட்டுப் பார்க்கிறோம். சொல்லிவிட்டுப் பார்ப்பதற்குப் பெயர் மரியாதை! தொடக்கத்தில் நாம் ஊழியர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு தெரிவிப்புதான் கொடுக்க முடிந்தது. இன்று நாற்பது கொடுக்கிறோம். எப்படி முடிந்தது? பதிவுகள் கூடினால்தானே தெரிவிப்புகள் கூடும்? ஆகவே பதிவுகளைக் கூட்டினோம். அந்தரங்கத்தின் மேல் நமக்குள்ள அக்கறை நாற்பது மடங்கு வளர்ந்திருக்கிறது!”

கை தட்டினார்கள். சின்னவளும் தட்டினாள். எல்லோரும் தட்டும்போது கையை மடியில் வைத்துக்கொண்டிருக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

பிறகு அவளைப் பேசச் சொன்னார்கள். அவள் சுற்றி வளைக்கவில்லை. கட்டில், புண், நர்ஸ், வெந்நீர் எல்லாவற்றையும் சொன்னாள். “தினம் அரை மணி நேரம் கேமரா ஓடாம இருந்தாப் போதுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்,” என்று முடித்தாள்.

எல்லோரும் உண்மையிலேயே இரக்கப்பட்டார்கள். பின்புல அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “அந்தக் கட்டிலை எனக்கு நல்லாத் தெரியும்மா. நூத்துக்கணக்கான வீடு பாக்கிறேன், உங்க கட்டில்லதான் ஒரு வீட்டுக்களை இருக்கு. அது அங்கயே இருக்கணும்.”

ஒரு துணைத் தலைவர் தொண்டையைச் செருமினார். “அம்மா சொல்றது அந்தரங்கமான விஷயமான்னு முதல்ல முடிவு பண்ணணும். அதைப் பாக்காம எப்படி முடிவு பண்றது? உடம்பு துடைக்கிறதை ஒரு தடவை பதிவு பண்ணி, ஏழு பேர் கொண்ட குழு உக்காந்து பாத்து, இது யாருமே பாக்கக் கூடாததுன்னு சான்று குடுத்துட்டா, பிறகு யாரும் பாக்கமாட்டோம்.”

“நியாயமான யோசனை,” என்றார் தலைவர். “என்னம்மா சொல்றீங்க?”

சின்னவள் சுளுக்கின கழுத்தைக் கையால் பிடித்து நேராக நிறுத்திக்கொண்டாள். “மாட்டோம்ங்க.”

“மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மறுத்துட்டீங்கன்னு தெரிவிச்சுடுறோம். நாளைக்கு வழக்கம்போல கேமரா முன்னால இருங்க. இல்லேன்னா வேலையை விட்டுட்டீங்கன்னு எடுத்துக்குவோம்.”

அவ்வளவுதான். குறை தீர்ந்துவிட்டது. வாசலுக்கு வந்ததும் கணினியைக் காவலரிடம் நீட்டினாள்.

“இதை உரிச்சுக் குடுங்க. நாளைக்குக் கேமரா இருட்டா இருந்தா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

“நான் ஒட்டுறவன்மா. உரிக்கிறவர் அந்த ஜன்னல்ல இருப்பார்.”

ஜன்னல் சாத்தியிருந்தது.

“அவர் ரிட்டயர் ஆகிட்டார். அந்த இடத்துக்கு இன்னும் ஆள் போடல.”

“அப்ப நானே உரிச்சுக்கட்டுமா?”

“ஐயோ, கையை எடும்மா! அதுக்குத்தான் வேலை போகும்னு சொன்னேனே!”

“ஐயா, தயவு பண்ணி நீங்களே...”

“நான் ஒட்டின பாவத்துக்கு என் வேலையும் போகணுமா?”

சின்னவள் பஸ்ஸில் மடிமேல் கணினியை வைத்துக்கொண்டு, ஸ்டிக்கர் இருந்தாலும் வேலை போச்சு, உரித்தாலும் போச்சு என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தாள். கணினியைத் திறந்து வெள்ளி ஸ்டிக்கரைக் காட்டினாள்.

நாத்தனார் சிரிக்க ஆரம்பித்தாள். இடுப்பு வலிக்க வலிக்கச் சிரித்தாள். “உரிச்சுக் குடுங்கன்னு கெஞ்சினியா? நீ கார்ல நசுங்கலைப் பாக்கிற லட்சணம் இதுதானா? அதுமேல ஒரு விரல் வச்ச, உன் கையை ஒடிச்சுடுவேன்!”

“மூடியிருந்தா வேலை போயிடும் அண்ணி.”

“உரிச்சாலும் போயிடும்னு அவங்கதானே சொன்னாங்க? ஒட்டினது நீயா? அவங்க. அவங்களே அடிச்சுக்கட்டும். நாம ஏன் குறுக்க போறோம்?”

மறுநாள் காலையில், கேமரா இருட்டால் அவதிப்படுகிறது என்று திரை சிவந்தது. துணைத் தலைவர் போனில் கூச்சல் போட்டார். சின்னவள், உங்கள் வாசலில்தான் ஒட்டினார்கள், இப்போதே உரித்துவிடட்டுமா என்று கேட்டாள். மறுமுனையில் கூச்சல் நின்றது. “தொடாதீங்க,” என்றார். “காவல் பிரிவோட ஸ்டிக்கர் அது.” காவல் பிரிவைக் கேட்டதற்கு, தங்கள் ஸ்டிக்கரை உரிப்பவர் அதிகாரியானாலும் வீட்டுக்கு அனுப்பப்படுவார் என்றார்களாம். தெரிவித்தல் பிரிவு, தங்கள் கண்ணை மூடுகிறவர் காவலரானாலும் வீட்டுக்கு அனுப்பப்படுவார் என்று பதில் சொல்லிற்றாம். இரண்டு பிரிவும் சேர்ந்து, இதைத் தீர்மானிக்க மூன்றாவதாக ஒரு பிரிவு வேண்டும் என்ற ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள். அதுவரை ஸ்டிக்கர் அப்படியே இருக்கட்டும், சின்னவளும் அப்படியே இருக்கட்டும்.

பின்புல அதிகாரிக்கு மட்டும் வருத்தம். கட்டிலைப் பார்க்க முடியவில்லை. ஆனால் நாளெல்லாம் துளிகூட மாறாத பின்புலம் கம்பெனியிலேயே அவளுடையதுதான் என்று மதிப்பெண் போட்டார்.

நர்ஸ் வெந்நீரோடு வந்தாள். நாத்தனார் சொல்லாமலே போர்வையை விலக்கி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்தாள். நர்ஸ் புண்ணைப் பார்த்ததும் வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினாள். “சுடுது, சுடுது! கறி வேக வைக்கிறியா?” என்று நாத்தனாரும் திட்டினாள். வீடு பழையபடி ஆயிற்று.

ஒரு வாரம் போயிற்று. மூன்றாவது பிரிவுக்கு இன்னும் மாடி கிடைக்கவில்லை. புண்ணின் ஓரங்களில் புதுத்தோல் ஏறியிருந்தது. நர்ஸ் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

“அம்மா, உங்க கேமரா பதிவு பண்ணிட்டிருக்கு. தெரிவிச்சுக்கிறேன்.”

“என்னம்மா தெரியுது?”

“இருட்டும்மா.” பெண் கொஞ்சம் தயங்கினாள். “அம்மா, கட்டில்ல இருக்கிறவங்களுக்குப் புண் எப்படி இருக்கு?”

“இது உன் வேலையில வராதேம்மா?”

“வராதுதான்மா.”

சின்னவள் போனைக் கட்டில் பக்கம் நீட்டினாள். நாத்தனார் தலையைத் திருப்பி, “ஆறிட்டு வருதும்மா!” என்று கத்தினாள். “நீ சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்மா,” என்றது குரல். பிறகு, பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் போலிருக்கிறது, கிசுகிசுப்பாகச் சொல்லிற்று: “புண் ஆறுறதை நான் யாருக்கும் தெரிவிக்கமாட்டேன்மா.”